எட்டடிக்குப் பன்னிரண்டடி

கிராம சேவிகா வேலை என்பது, விறகடுப்பை ஊதியே அறியாத இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பத்து வருஷமாகப் புகையில் வெந்துகொண்டிருக்கிறவளிடம் போய், "அடுப்பை எப்படி வைக்கணும் தெரியுமா?" என்று கேட்கிற வேலை.

ஆந்திரா தனி மாநிலமாகி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. தமிழும் தெலுங்கும் பேசுவேன், சைக்கிள் ஓட்டுவேன். அது போதும் என்றார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே புகையில்லா அடுப்பின் படம், ஜன்னல் வைப்பதன் நன்மைகளைச் சொல்லும் ஒரு சார்ட், அளக்கிற டேப். குறைந்த செலவில், குறைந்த இடத்தில், குறைந்த விறகில் எப்படி நன்றாக வாழ்வது என்று நான் ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நீங்களும் ஒண்டுக் குடித்தனத்தில், மழைக்கு ஒரு மூலை வெயிலுக்கு ஒரு மூலை என்று பாயைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்தானே? அப்படியானால் நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

புகை போகிற வழி

முதல் போஸ்டிங் புத்தலப்பட்டு பக்கம் ஒரு சின்ன ஊர். கன்னியம்மா என்று என் வயதுக்காரி ஒருத்தி, தன் வீட்டில் புது அடுப்புப் போட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டாள். படத்தைப் பார்த்து அங்குலம் பிசகாமல், களிமண்ணில் இரண்டு பானை வைக்கிற மாதிரி அடுப்புக் கட்டினேன். பின்னால் புகைக்குழாயைக் கூரைக்கு மேல் விட்டேன். பற்றவைக்கிற அன்று ஊர்ப் பெண்கள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். பிளாக் ஆபீசிலிருந்து ஓவர்சியர் வெங்கடேசலுவும் பார்க்க வந்திருந்தார்.

தீ மூட்டினேன். புகை குழாயைத் தவிர மற்ற எல்லா வழியிலும் வந்தது. முப்பது பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர். புகையால் பாதி, அவமானத்தால் பாதி. கன்னியம்மா மட்டும் இடுப்புக் குழந்தையோடு வாசலுக்குப் போய், குழாயின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மலைப்பக்கத்துக் காற்று குழாய் வாயில் மோதிப் புகையை உள்ளே தள்ளுகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

குழந்தையை என் கையில் திணித்தாள். ஓட்டைப் பானைகள் மூன்றை எடுத்து அடியைத் தட்டி உடைத்தாள். கூரையில் ஏறி, அவற்றைக் குழாயின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேறு பூசினாள். உச்சியில் நாலாவது பானையைக் கவிழ்த்து, மலையைப் பார்த்த பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பக்கங்களில் துளை போட்டாள். மறுபடி மூட்டினோம். புகை நூல் பிடித்தது போல நேரே மேலே போயிற்று. ஐந்து கட்டையில் வேகிற சோறு இரண்டு கட்டையில் வெந்தது. கன்னியம்மா குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அழுவாத டீச்சரம்மா. உன் அடுப்பு நல்ல அடுப்புதான். இந்தக் காத்துக்குத்தான் படிக்கத் தெரியல."

தறிக்குழி வீடு

அடுத்த மாற்றல் நகரிப் பக்கம். நெசவாளர் தெருவில் வீட்டுக் கணக்கெடுப்பு. ராஜம் என்கிற பெண்ணின் வீட்டை அளந்தேன்: எட்டடிக்குப் பன்னிரண்டடி, ஒரே அறை. அந்த அறையில் ஒரு தறி. அவள், அவள் புருஷன், மூன்று பிள்ளைகள், மாமனார், மாமியார், கல்யாணமாகாத இரண்டு நாத்தனார்கள். மொத்தம் ஒன்பது பேர். ராஜத்துக்கு அப்போது நிறைமாதம். "எங்கே தூங்குவீங்க?" என்பது பாரத்தில் இருந்த கேள்வி. கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் எழுந்து காட்டினாள். நெல் குதிர்கள்தான் நடுச்சுவர். அந்தப் பக்கம் சமையல், இந்தப் பக்கம் தறி. சுவரின் கனத்துக்குள் குடைந்த மாடங்களில் துணிமணி, சாமி, விளக்கு. பாத்திரங்கள் எல்லாம் உறியில். நெய்கிறவர் காலை விட்டு உட்காருகிற குழியின் மேல், வேலை இல்லாதபோது பலகைகளைப் போட்டால் கட்டில். கோடை மதியத்தில் பலகையை எடுத்துவிட்டால் குழியே பிள்ளைகள் படுக்கிற இடம். நான் அதில் இறங்கி உட்கார்ந்து பார்த்தேன். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே கிணற்றோரம் போலக் குளிர்ச்சி. இழையின் மேல் வெளிச்சம் விழுவதற்காகத் தரையை ஒட்டி வைத்த ஒரே ஒரு ஜன்னல், அந்தக் குழிக்கும் காற்று கொடுத்தது. என் சார்ட்டில் ஜன்னலை நெஞ்சு உயரத்தில் வரைந்திருந்தார்கள். சார்ட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பாரத்தை முடிப்பதற்குள் ராஜத்துக்கு வலி எடுத்துவிட்டது. நான் பதறி எழுந்தேன். அவர்கள் யாரும் பதறவில்லை. ஒரு நாத்தனார் மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினாள். புருஷன் தறியில் நீட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டி விட்டத்தில் கட்டினார். மாமியார் பலகைகளைப் போட்டு, குதிர்களுக்கு நடுவில் புடவையை இழுத்துக் கட்டினார். ஆண்களும் பிள்ளைகளும் தெருவுக்குப் போனார்கள். ஓர் உலை கொதிக்கிற நேரத்தில் அந்தத் தறிக்கூடம் பிரசவ அறையாகிவிட்டது. காற்று, வெந்நீர், மறைவு எல்லாம் இருந்தது. சாயங்காலத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது, அதே விட்டத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் ஆயிற்றே, இன்னோர் அறைக்கு மனு எழுதட்டுமா என்று கேட்டேன். ராஜம் சிரித்தாள். "இந்த ஒரு ரூமுக்குள்ளயே பத்து ரூம் கீதும்மா. இன்னொண்ணும் வந்தா யாரு பெருக்கறது?"

தகரம்

சித்தூருக்குப் போகிற வழியில் ஒரு பழைய கிறிஸ்தவ சபைத் தெரு. அங்கே எஸ்தர் என்கிற விதவை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கு மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். நாலாவது பக்கம் மூன்றடிச் சந்து. பட்டப்பகலில் ஊசியில் நூல் கோக்க விளக்கு வேண்டும். எண்ணெய்க்குக் கட்டாது, கண்ணும் போய்க்கொண்டிருந்தது. தையலை விட்டால் சோறு இல்லை. அந்த வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று பார்க்க ஓவர்சியர் வெங்கடேசலுவை அழைத்துக்கொண்டு போனேன்.

போனால், வீடு பளிச்சென்று இருந்தது. எஸ்தர் கதவோரம்கூட உட்காரவில்லை. நடு வீட்டில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பிரித்துத் தட்டையாக்கி, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, சந்துக்கு எதிர்ச் சுவரின் உச்சியில் சாய்வாக அடித்திருந்தாள். மேலே விழுகிற வெயிலை அது பிடித்து வீட்டுக்குள் அனுப்பியது. வெள்ளையடித்த உள்கூரையில் பட்டு வெளிச்சம் மாவு தூவினாற்போல் எங்கும் இறங்கியது. காலைக்கு ஒரு தகரம், மாலைக்கு ஒரு தகரம். ஓவர்சியர் டேப்பைப் பையில் போட்டார். தொப்பியைக் கழற்றினார். "எந்த எஞ்சினியரு சொன்னாரும்மா உனக்கு?" என்று கேட்டார். எஸ்தர் ஊசியை நிறுத்தாமல் பதில் சொன்னாள்: "எஞ்சினியரு இல்லீங்க. பக்கத்து வூட்டு ஆட்டுக்குட்டி ஒரு தகரத்துக்கு எதிர்ல கண்ணு கூசி நின்னுக்கினு இருந்திச்சி. அத்தப் பாத்தேன், அவ்ளோதான்."

கோடு

எல்லை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்கள் அவை. இந்த ஊர் மெட்ராஸுக்கு, அந்த ஊர் ஆந்திராவுக்கு என்று டீக்கடையில் தினம் ஒரு கோடு போடுவார்கள். நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருந்த ஊர்களில் வீடு கட்ட ஆரம்பித்தவர்கள்கூடக் கடைக்காலோடு நிறுத்திவிட்டார்கள். பட்டா எந்த பாஷையில் வரும், பிள்ளை எந்த பாஷையில் படிக்கும் என்று தெரியாமல் யார் சுவர் எழுப்புவார்கள்?

தணிகாசலம் மட்டும் எழுப்பினார். முப்பது வயது விவசாயி. போன கோடையில் தகரக் கூரைக்குக் கீழே அவர் கைக்குழந்தைக்கு வேர்க்குரு கொப்புளமாகிக் காய்ச்சல் கண்டு, பிழைத்ததே பெரிது என்று ஆகியிருந்தது. இன்னொரு கோடைக்குக் காத்திருக்க முடியாது என்று தானே கட்ட இறங்கிவிட்டார். மேற்குச் சுவரில் ஓர் ஓட்டைகூட இல்லை. அதை ஒட்டி மாட்டுக்கொட்டகை, சாயங்கால வெயிலை அது வாங்கிக்கொள்ளும். ஜன்னல் எல்லாம் தெற்கே. குயவர் சூளையில் கோணிப்போன சின்னக் கலயங்களைச் சும்மா கிடைக்கிற விலைக்கு அள்ளி வந்து, மாடித் தளத்தில் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை போட்டிருந்தார். கலயத்துக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது. கத்திரி வெயில் மதியம் இரண்டு மணிக்கு நான் அந்த வீட்டுக்குள் போனேன். குழந்தை வெறுந்தரையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். பிறகுதான், "எந்த சர்க்காருக்குப் போவோம்னு தெரியாம எப்படித் தைரியமா கட்டுனீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னது: "கோடு எங்க வேணா போவட்டும்மா. சாய்ங்கால வெயிலு மேக்கால இருந்துதான் வரும், காத்து தெக்கால இருந்துதான் வரும். அதுங்களுக்கு எந்த சர்க்காரும் மாத்தல் ஆர்டர் குடுக்க முடியாது."

மண் மச்சு

கடைசியாகத் திருப்பதி. அலிபிரியில் மலையேறுகிறவர்களுக்குப் பூவும் தேங்காயும் விற்கிற குடும்பங்கள், சற்றுத் தள்ளி ஒரு சந்தில் மண்சுவர் வைத்த ஓலைக் குடிசைகளில் இருந்தன. அதில் ஒருத்தி மங்கம்மா, பூக்காரி. ஓலைக்குக் கீழே மூங்கில் பரப்பி, அதன்மேல் நாலு விரல் கனத்துக்குக் களிமண் போட்டு மெழுகி, குடிசைக்குள் ஒரு மச்சு கட்டிக்கொண்டிருந்தாள். ஏரி மண்ணை ஒற்றை ஆளாகக் கூடை கூடையாகச் சுமந்தாள். எடை தாங்காமல் கூரை விழும் என்று நான் எச்சரித்தேன். அவள் நடுவில் இரண்டு கம்பம் கூடுதலாக நட்டாள். எனக்கு ரோஷம். என் டைரியில் "வீண் வேலை" என்று எழுதினேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்துக்குள் மற்றப் பெண்களும் கூடையை எடுத்தபோது, வேண்டாம் என்று தடுத்தேன்.

சித்திரை மாதம், உச்சிவேளை. மலைக்காற்று வீசுகிற நேரத்தில் சந்து முனையில் ஒரு குடிசை பற்றிக்கொண்டது. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சந்து முழுதும் தீ. பெரியவர்கள் வியாபாரத்துக்குப் போயிருந்தார்கள். இரண்டு முனையும் எரிந்ததால் உள்ளே இருந்த பிள்ளைகள் வெளியே வர வழியில்லை. தாய்மார்கள் அலிபிரியிலிருந்து ஓடிவந்து கதறினார்கள். மங்கம்மாவும் உள்ளேதான் இருக்கிறாள் என்றார்கள். குடத்துக்குக் குடம் தண்ணீர் கைமாறியது. எனக்கு அந்த டைரி வரியைத் தவிர ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

தீ தணிந்தது. குடிசை ஒன்றுகூட மிச்சமில்லை. மங்கம்மாவின் ஓலையும் எரிந்து போயிருந்தது. ஆனால் அதற்குக் கீழே அந்த மண் மச்சு கறுத்துப்போய், விழாமல் நின்றது. கதவிடுக்கில் நனைத்த கோணிகள் அடைத்திருந்தன. கோணி அசைந்தது. கதவு திறந்தது. முகமெல்லாம் கரியோடு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஏழு பேர். கடைசியாக மங்கம்மா, மயிர் கருகி, முழங்கை வெந்து. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். மூலையில் பானைத் தண்ணீர் சில்லென்று இருந்தது. மறுவாரம் சந்து முழுவதும் ஏரி மண் சுமந்தது. நானும் கூடை எடுத்தேன். கட்டுப் போட்ட கையோடு முன்னால் நடந்தவளிடம், "நான்தான் எல்லாரையும் தடுத்தேன், மங்கம்மா. என்னை மன்னிச்சுடு" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "அத்த விடும்மா. மொதல்ல கூடைய நேரா வெச்சிப் புடி, சாயுது."

இவ்வளவுக்கும் பிறகு என் சர்வீஸ் ரிஜிஸ்டரில், "வீடு கட்டும் முறைகளை மக்களுக்குச் சிறப்பாகக் கற்பித்தார்" என்று ஓர் அதிகாரி பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறார். அதைத் திருத்தச் சொல்லி இன்றுவரை நானும் மனுக் கொடுக்கவில்லை.