நகரசபையும் அப்பாவின் வாசிப்பும்

"குப்பை அள்ளுற நகரசபை உளவுத்துறையோடை மல்லுக்கட்டுமே, பிள்ளை?" என்று சிரித்தார் அப்பா, நகரசபையில் முறையிடப்போகிறேன் என்று நான் சொன்னதும்.

புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தால், யார் எதை வாசிக்கிறார்கள் என்று உளவுத்துறை நூலகத்திடம் கேட்கலாமாம். செய்தியைக் கேட்டதும், இலங்கைப் போரைப் பற்றிய புத்தகங்களை அவர் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாம் என் அட்டையில் எடுத்தவை.

"உனக்கல்லோ பிரச்சினை வரும்."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். நகரசபைக்குப் போய்ப் பேசினேன். சன்னலுக்கு வெளியே பனியில் ரொறொன்ரோ மிதந்துகொண்டிருந்தது. என் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல எனக்கே கேட்டது. நீதிமன்ற ஆணையில்லாமல் வாசகர் விபரங்களைக் கொடுக்கக்கூடாது என்று சபை தீர்மானித்தது.

"நூலகக்காரர் உந்தத் தீர்மானத்தைக் கேப்பினமே?" என்றார் அப்பா.

நூலகத்தில் முடிவெடுப்பது அதன் நிர்வாகக் குழு; அதில் சேர விண்ணப்பித்துவிட்டேன்.