ஒரே ஒரு மிதி

இரண்டாயிரங்களில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி டிரம் வாசித்தவர்கள், வாசிக்காதவர்கள் எல்லோருக்கும் ஒரே கொள்கைதான். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம், அதாவது கிக், 'கும்' என்று கேட்க வேண்டும். கல்யாணக் கச்சேரியில் கும், கோயில் திருவிழாவில் கும், ஞாயிறு ஆராதனையில் கும். வயிற்றில் வந்து இடித்தால் அது நல்ல சத்தம். காதுக்கு அதில் வேலையே இல்லை.

நாங்கள் வாசித்தது மெட்டல், ராக் இசையிலேயே வேகமும் முரட்டுத்தனமும் கூடிய வகை. இரண்டு கால்களும் தையல் இயந்திரம்போல ஓடுகிற இசையில் கும் கும் என்று அடித்தால் எல்லாம் சேர்ந்து கூழாகிவிடும். ஒவ்வொரு மிதியும் தனியாக, கண்ணாடி மேசையில் சில்லறையைத் தட்டியதுபோல 'டிக்' என்று விழ வேண்டும். இதை எங்கள் கிடார்காரனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது. புரிந்ததும் அது அவனுடைய கண்டுபிடிப்பாகிவிட்டது.

குழுவில் மூன்று பேர். நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். கிடார்காரன் அங்கேயே இரும்பு கடையும் லேத் பிரிவில். பாடகன், அதாவது உறுமுகிறவன், பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் ஊழியன். ஒரு பாட்டைப் பதிவு செய்து, சென்னையில் மெட்டல் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு அனுப்புவது திட்டம். பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவைப் பிடித்தோம். கிடார்காரன் தன் வேப்பம்பட்டு வீட்டுக்குக் கணினி வாங்கி, டிரம் வாசிக்கும் மென்பொருள் ஒன்றைத் திருட்டு சிடியிலிருந்து ஏற்றி வைத்திருந்தான். பதிவுக்குப் போகும்போது ரயிலில் சொன்னான்:

"மச்சி, இந்தத் தபா உன் கிக்கு டிக்குனு வரலன்னு வெச்சுக்கோ, கம்ப்யூட்டரே வாசிச்சுக்கும். அதுக்கு டீ கூட வாங்கித் தர வேணாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பாடகன் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். இருவரும் முன்பே பேசி முடித்துவிட்டார்கள்.

ஸ்டூடியோக்காரர் பக்திப் பாடல்கள் பதிந்து பழகியவர். கிக்குக்குள் முழுத் தலையணையை அடைத்து, மைக்கை வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார். எங்கள் தேவையைச் சொன்னோம்.

"இன்னா சார், பேஜாரு பண்றீங்க? கும்மே வேணான்னா டிரம்மு எதுக்கு? தகர டப்பா போதாதா?"

கிடார்காரன் பையிலிருந்து ஒன்றை எடுத்துத் துணியை விலக்கினான். பெடலில் மாட்டி டிரம்மை அடிக்கிற தலை. வழக்கமாக அது கம்பளி உருண்டையாக இருக்கும். இவன் இரும்பில் கடைந்து கொண்டுவந்திருந்தான். எங்கள் பேட்டையில் இது ஒரு வியாதி. கதவுக் கொண்டி உடைந்தால் லேத், தாயத்துக்குக் குப்பி வேண்டுமென்றால் லேத். கடைசல் பளபளவென்று நேர்த்தியாகத்தான் இருந்தது. டிரம்மின் தோல் என்பது வெறும் பிளாஸ்டிக் தாள் என்பது மட்டும் அவன் கணக்கில் வரவில்லை.

"கிழிஞ்சிடும்டா" என்றேன்.

"எதப் பாத்தாலும் ரிஜெக்ட்டுதான் உனக்கு. மிதி."

மிதித்தேன். முதல் சரணம் முடிவதற்குள் கிழிந்தது. ஸ்டூடியோக்காரர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "நைனா, டிரம்மு வாசிக்க வந்தீங்களா, போர் போட வந்தீங்களா?"

"உன் காலு வெயிட்டு மச்சி" என்று கிடார்காரன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் நானே கொண்டுபோனேன். புதுத் தோல். மரத்தலை. கழித்துப்போட்ட மஞ்சள் ஹெல்மெட்டின் விளிம்பை வெட்டி, வெந்நீரில் இளக்கித் தட்டையாக்கிய தீப்பெட்டி அளவு வில்லை ஒன்று. மரத்தலை படும் இடத்தில் அதை ஒட்டினேன். தலையணையை உருவிவிட்டு, மடித்த துண்டு ஒன்றைத் தோலில் சாய்த்து வைத்தேன். மைக்கை டிரம்முக்குள் செலுத்தி வில்லைக்கு நேராக நிறுத்தினேன். நடு ஒலியைக் குறைத்து மேல் ஒலியை ஏற்றச் சொன்னபோது, மீன்குழம்பில் சர்க்கரை போடச் சொன்னதுபோல ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் திருகினார்.

மிதித்தேன். டிக்.

"தகரக் கூரை மேல ஆலங்கட்டி வுழுற மாரி கீதுடா" என்றான் பாடகன்.

ஸ்டூடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "எல்லாம் நம்ம செட்டிங்ஸ்ல கீது சார்."

பாட்டு முழுவதையும் நிறுத்தாமல் வாசித்து முடித்தேன். என் இடம் உறுதி என்று நம்பி, சந்தைக்கு எதிரே இவர்கள் இருவருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஒலிகளைச் சேர்க்கும் வேலையைத் தன் கணினியில் பார்ப்பதாகச் சொல்லி, கிடார்காரன் பதிவை வாங்கிப் போனான். சில வாரம் கழித்துப் பயிற்சிக் கொட்டகைக்குப் போனேன். என் டிரம் செட் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றது. அது இருந்த இடத்தில் கிடார்காரன் வீட்டுக் கணினியும் ஸ்பீக்கரும். ஸ்பீக்கரில் டிக் டிக் டிக். என்னுடைய டிக்.

"உன்னோட ஒரே ஒரு மிதிய வெட்டி எடுத்து பாட்டு ஃபுல்லா ஒட்டிக்கினேன் மச்சி. மத்த டிரம்ம கம்ப்யூட்டரே வாசிச்சுக்கிச்சு. ஒண்ணு கூட ஏறாது, எறங்காது. சவுண்டு உன்னுதுதான், பேஜாராவாத."

"அப்ப நானு?"

"நீ பாட்டுக்கு வா, ஒக்காரு. கேக்க ஆளு வேணாமா?"

உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு டிக்கின் பின்னாலும் மெல்லியதாக ஒரு கீச். பதிவின்போது நடுவில் ஓரிடத்தில் என் பெடலின் ஸ்பிரிங் ஒருமுறை கீச்சிட்டது. வாசிப்பை நிறுத்தாமல் தொடர்ந்திருந்தேன். ஒரு பாட்டு நிறைய நல்ல மிதிகள் கிடக்க, இந்த மேதை பொறுக்கியது அந்த ஒன்றை. பாடகன் உறுமிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கீழே எலிக்குஞ்சுகள் வரிசையாக அணிவகுத்துப் போயின.

இருவருக்கும் அது கேட்கவில்லை.

"எப்படி?" என்றான் கிடார்காரன், கையைக் கட்டிக்கொண்டு.

தொழிற்சாலையில் மயிரிழைக் கீறலுக்கும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அவனுக்கும் அது தெரியும்.

"ரிஜெக்ட் இல்ல. பாஸ்" என்றேன். "இன்னிக்கே அனுப்பு."