லீவு டீச்சரின் ஸ்டூல்

எங்கள் பள்ளிக்கு வட்ட மேசைகள் வந்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகும் வழியில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்பு, முப்பது சொச்சம் பிள்ளைகள், டீச்சர் நான் ஒருத்திதான். கூட இருந்த டீச்சர் மாற்றலாகிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. மேசைகள்தான் வந்தன.

பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் பிள்ளைகள் அப்படித்தான் வட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்களாம். பயிற்சியில் மூன்று நாள் படம் போட்டுக் காட்டினார்கள். சரி, நல்லதை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம், அதிலென்ன தப்பு? ஆனால் வட்டமாக உட்கார்ந்தால் பாதிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை முதுகுப் பக்கம். “டீச்சர், கயுத்து நோவுது” என்று முதல் நாளே சொன்னாள் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி.

நான் சொல்ல வந்ததே அவளைப் பற்றித்தான். வாய் ஓயாத கெட்டிக்காரி. எழுத்துக் கூட்டத்தான் வராது. அவள் அம்மா ஒருநாள் நடவு முடிந்து காலில் சேறோடு வந்து நின்றார்.

“பஸ் ஸ்டாண்டுல போறவன் வர்றவனயெல்லாம் கேட்டுக்கினு நிக்கிறேன் டீச்சர். இதுவாவது போர்டு படிச்சு ஏறட்டும். வேற இன்னா கேக்கப் போறேன்?”

நான் பொறுப்பு என்று தலையாட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் அவளோடு உட்காருவேன். அதற்குள் ஆபீசிலிருந்து போன் வந்துவிடும்: மேசையோடு பிள்ளைகளைப் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள் என்று. அந்தப் பாழாய்ப்போன மேசையை எத்தனை தடவைதான் எடுப்பது!

பிறகு அந்த நாட்டிலிருந்தே ஒரு அம்மா பார்வையிட வந்தார். அதிகாரி ஒருவர் கூட வந்து மொழிபெயர்த்தார். அந்த அம்மா மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே இவளிடம் போய்ப் புத்தகத்தை நீட்டினார். இவள் படத்தைப் பார்த்து மனப்பாடமாகக் கடகடவென்று ஒப்பித்தாள். அந்த அம்மா நடுவில் ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்ததும் திருதிருவென்று விழித்தாள். தமிழே தெரியாத அவருக்கு அது போதுமாக இருந்தது.

“அவங்க ஊர்ல இந்த மாதிரி பிள்ளைங்க பக்கத்துல இன்னொரு டீச்சர் உக்காருவாங்களாம். படிக்க வர்ற வரைக்கும் தினமும். இங்க அந்த டீச்சர் எங்கேன்னு கேக்கறாங்க” என்றார் அதிகாரி. என் பதிலுக்குக் காத்திராமல் அவரே, “லீவுலதானே இருக்காங்க?” என்றார்.

“ஆமாம் சார்” என்றேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த இவள், மறுநாள் தன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தாள். அதில் ஒரு பையன் உட்காரப் போனான். “எய்ந்திரு! இது லீவு டீச்சர் எடம்” என்று அவனைத் தள்ளிவிட்டாள். தினமும் காலையில் அதைத் துடைத்துவைப்பாள். “அவங்க எப்ப வருவாங்க டீச்சர்?” என்று என்னைக் கேட்பாள். அப்படி யாருமே இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எனக்கு வாய் வரவில்லை. “வருவாங்க” என்றேன். காலியிடத்தை நிரப்பச் சொல்லி மனு மேல் மனு எழுதினேன். பதிலுக்கு மேசைகளுக்குப் பொருத்தமாக வண்ண நாற்காலிகள் வந்தன. இவள் ஸ்டூலை மட்டும் மாற்ற விடவில்லை.

ஐந்தாம் வகுப்பும் முடிந்தது. அவளும் பாஸ்தான், எங்களிடம் எல்லோரும் பாஸ். ஜூனில் பள்ளி திறந்த அன்று டிசி வாங்க அம்மாவோடு வந்தாள். டிசியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த அம்மா, “பெரிய ஸ்கூல்ல போர்டு படிக்கக் கத்துக்குடுத்துடுவாங்க இல்ல டீச்சர்?” என்றார். நான் டிசியை நேராகத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். ஆறாம் வகுப்பில் யாரும் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை.

அவள் அதற்குள் உள்ளே ஓடி, இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்த தங்கச்சியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“இதுல யாரயும் உக்கார வுடாத, இன்னா? எனக்குத்தான் வர்ல. உனக்காவது வருவாங்க.”

தங்கச்சி என்னைப் பார்த்தாள். “நெசமா டீச்சர்?”

நான் மறுபடியும் ஆமாம் என்றேன்.