மாட்டுக்கு நட்ட வேலி

அறுபது வயதுவரை கருப்பாயிக்குச் சொந்தமாக ஒரு மரம் கிடையாது. எட்டு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள், கச்சால் தீவில் முப்பத்தைந்து வருடம் அரசாங்க ரப்பர் மரங்களில் பால் வெட்டினாள். ஓய்வு பெற்றதும் போர்ட்பிளேருக்கு வடக்கே ரங்கத் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி, நாற்பத்திரண்டு தென்னம்பிள்ளைகளை நட்டாள். இளநீர் குடிக்க நாம் இருப்போமா என்று புருஷன் வெள்ளைச்சாமி கேலி செய்தார். இருப்போம், வாயை மூடிக்கொண்டு குழி வெட்டுங்கள் என்றாள். அப்படிப்பட்ட பொம்பளை.

வேலிக்குக் கிளிசரியாக் கம்புகளை ஊன்றினாள். தேயிலைக்கு நிழலாக நடுகிற மரம். கம்பை நட்டாலே வேர் பிடித்துவிடும். தேயிலைக்குள் மாட்டை யாரும் விடுவதில்லை என்பதால், அந்தத் தழை மாட்டுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை மட்டும் அவள் பார்த்ததில்லை. இந்தப் பக்கத்திலோ நெல் அறுப்பு முடிந்தால் மழை வரும்வரை மாடுகளை அவிழ்த்துவிடுவதுதான் வழக்கம். கட்டிப்போடுகிறவர்களை ஊரே ஏசும்.

வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே மாடுகள் வேலியையே மேய்ந்துவிட்டு, மொட்டைக் கம்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளேயும் வந்தன. ஒன்பது பிள்ளைகளின் குருத்து போயிற்று. கருப்பாயி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த மூலைக்கு வருபவை ஓடைக்கு அக்கரையில் நிலம் வைத்திருக்கும் வங்காளிக்காரி ஷெஃபாலியின் ஏழு மாடுகள்தான். பிடித்து அடைத்துவிடு என்றார்கள் ஊரார். கருப்பாயி அடைக்கவில்லை. மிச்சமிருந்த வேலியோரம் நாலு நாள் நின்று மாடுகளையே பார்த்தாள். தழை இருக்கிற இடத்தில் ஒரு மாடும் உள்ளே நுழையவில்லை. அந்த மழைக்காலத்தில் வேலிக்கு வெளியே, ஓடைக்கரை நெடுக, முந்நூறு கம்பு ஊன்றினாள். மாட்டுக்கென்றே நட்டது. அடுத்த கோடையில் தினமும் காலையில் தழை வெட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் குவித்தாள். என் மாட்டுக்கு நீ ஏன் தீனி போடுகிறாய் என்று ஷெஃபாலி ஹிந்தியில் கேட்டாள்.

"பசிச்ச வாய்க்கு வேலி தெரியுமா தீதி?" என்றாள் கருப்பாயி, அவளை அக்கா முறை வைத்து. "வயிறு ரொம்பினா அது ஏன் என் பிள்ளைககிட்ட வரப்போகுது?"

இரண்டு கோடை ஒரு குருத்தும் போகவில்லை. மூன்றாவது கோடையில் கண்ணில் புரை முற்றிவிட்டது. போர்ட்பிளேரில் ஆபரேஷன், அங்கேயே பத்துபஸ்தியில் மகள் சுதா வீட்டில் பத்து நாள் படுக்கை. துணைக்கு வெள்ளைச்சாமியும் போனதால் தழை வெட்ட ஆளில்லை. ஷெஃபாலியிடம் மாட்டைக் கட்டு என்று கேட்கக் கருப்பாயிக்கு வாய் வரவில்லை. முப்பத்து மூன்று பிள்ளைகளும் போயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் கறுப்புக் கண்ணாடியோடு ஓட்டமும் நடையுமாக வந்து எண்ணினாள். முப்பத்து மூன்றும் இருந்தன. ஒன்றிலும் கடிபட்ட குருத்து இல்லை.

அப்புறம்தான் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வெற்று வயல்களில் ஊர் மாடெல்லாம் திரிய, ஷெஃபாலியின் ஏழும் முளைக்குச்சியில் கட்டிக் கிடந்தன. ஷெஃபாலி ஒவ்வொன்றின் முன்னாலும் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக ஊரின் ஏச்சைக் கேட்டிருப்பாள்.

கண் கலங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கலங்கிவிட்டது. கருப்பாயி ஓடையில் இறங்கி அக்கரை ஏறினாள்.

"சோட் தோ தீதி," என்றாள். "அவுத்து விடு. நான் வந்துட்டேன்ல."