பாதி செத்த கேபிள்

சர்வர் ரூமுக்குள்ள செருப்போட போகக்கூடாது. மே மாசத்து நெய்வேலி வெயில்ல நடந்து வந்த கால், அந்த ஏசி தரையில பட்டதும் ஜிவ்வுனு இருக்கும்...

2013-ன்னு நினைக்கறேன். ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில நானும் ஷமீமும் சிஸ்டம் பாத்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு பேருமே டெம்பரவரிதான்.

அன்னிக்கு மதியம் ஒன்றரை மணி. செகண்ட் ஷிஃப்ட் ஆளுங்க கேட்ல கார்டு தேய்க்கறாங்க, பதிவே ஆகல. ரெண்டு மணிக்குள்ள பதிவாகலன்னா அரை நாள் ஆப்சென்ட். கம்மாபுரத்துலருந்து வந்த எங்க அண்ணனும் அந்த லைன்லதான்.

போன் பண்ணிட்டான். "எப்போ பாப்பா சரியாவும்? எல்லாரும் வெயில்ல நின்னுகினு கெடக்கறோம்."

சர்வர் தானா எழுதி வெக்கற லாகைப் பாத்தேன். சர்வர்லருந்து டேட்டா இருக்கற ஸ்டோரேஜுக்கு ரெண்டு கேபிள். ஒண்ணு செத்தா, டேட்டாவை அனுப்பற டிரைவர் சாஃப்ட்வேர் தானா இன்னொண்ணுக்கு மாறிடும். ஆனா இப்போ ஒரு கேபிள் முழுசா சாகல... எர்ரர் வரும், டிரைவர் ரீசெட் பண்ணும், உயிர் வந்துடும், நல்லாயிடுச்சுன்னு நம்பித் திரும்ப அதுலயே அனுப்பும். மறுபடி எர்ரர்.

மேனேஜர் போன்ல, "லைட்டு பச்சையாத்தானே எரியுது? தொடாதம்மா. நாளைக்கு இன்ஜினியர் வருவாரு"ன்னுட்டார்.

மணி ஒண்ணே முக்கால். அது சொருகியிருக்கறது எந்த போர்ட்னு லாகுல மூணு தடவை சரிபாத்துட்டு... கேபிளைப் புடுங்கிட்டேன்.

மொத்தமும் உறைஞ்சு போச்சு!

ஷமீம் பதறிட்டா. "ஏய் மல்லிகா, திருப்பி சொருகுடி!"

"இருடி. அந்தக் கேபிள்ல அனுப்பி மாட்டிக்கிட்டதையெல்லாம் டிரைவர் கைவிடணும், அப்பறம்தான் மாறும்."

சொல்லிட்டேன், ஆனா இன்னொரு கேபிளும் கெட்டிருந்தா? பத்து செகண்ட்... இருபது... நிக்க முடியாம ரேக்கைச் சுத்திச் சுத்தி வந்தேன்.

திடீர்னு லாக் மடமடன்னு ஓடுச்சு. அண்ணன் போன். "பதிவு வுழுந்துச்சு பாப்பா!"

மறுநாள் வந்த இன்ஜினியர் கேபிளை மாத்தினார். எனக்கு, அனுமதியில்லாம தொட்டதுக்கு ஒரு மெமோ. அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கல.

இப்போ பெங்களூர்ல அந்த மாதிரி டிரைவர்தான் எழுதறேன். எர்ரர் அடிக்கடி வந்தா அந்தப் பாதையை அதுவே ஒதுக்கி வெச்சுடும். யாரும் எதையும் புடுங்க வேணாம்.

லேப்ல நானே லைனைக் கெடுத்து டெஸ்ட் ஓட்டுவேன். மாறறதுக்கு சில செகண்ட்தான். அதுக்குள்ள எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுடறேன்.

"டெஸ்ட்தானே மேடம், எதுக்கு டென்ஷன்?"னு டீம்ல சிரிக்கறாங்க.

அவங்க சொல்றதும் சரிதான்... ஆனா உக்கார முடியல.