‘வைஃபை இல்ல’ என்று பெயர் வைத்த வைஃபை

தீபன் அண்ணே, இதை நீ எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். நான்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நான் வைஃபை வேலை பார்க்கும் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கு வேலை அனுபவம் எழுதித் தரும்படி முதலாளி சேகர் அண்ணன் கேட்டார். வீட்டு வைஃபையில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் எப்படிச் சரிசெய்வது என்பதுதான் விஷயம். நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவள். என் தமிழ், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்த தமிழ். ரவுட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்த போதெல்லாம் இரண்டாவது வரியிலேயே என் அண்ணன் தீபன் வந்துவிட்டான். முடியவில்லை என்று சேகர் அண்ணனிடம் சொன்னேன்.

“அப்போ அவனோட சேத்தே எழுது லா. இந்த வேலைக்கு ஒன்ன கூட்டிட்டு வந்ததே அவன்தானே” என்றார்.

அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

1. பாய் கடைப் பூட்டு

என் முதல் நாள் வேலை ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில். அண்ணன் மோட்டோ ஓட்ட, நான் பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பாய் கறிக் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, சாப்பிட வர்ற ஆளுங்க போனெல்லாம் என் கடையப் பாத்து ‘வீக் செக்யூரிட்டி’ன்னு சொல்லுதாம். மீன் தலைக் கறி கேக்க வேண்டிய ஆளு, போனை நீட்டி நீட்டிக் காட்டுறான். என் கடை வீக்கா?”

“கடை ஸ்ட்ராங்கு பாய். பூட்டுதான் பழசு.”

“பூட்ட மாத்துனா சாவியும் மாத்தணுமே. பாஸ்வேர்ட செவுத்துல பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன்.”

“சாவி வேணாம். பேரு அதே, பாஸ்வேர்டு அதே. உள்ள இருக்கிற பூட்ட மட்டும் மாத்துறேன். ஒரு போனுக்கும் தெரியாது.”

பாய் என்னைப் பார்த்தார். “இது யாரு, அசிஸ்டெண்டா?”

“தங்கச்சி பாய். ஏணி தூக்க ஆளு கெடைக்கல.”

“ஏணி அவளத் தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு.”

அந்த ரவுட்டரில் TKIP என்ற பழைய முறை ஓடிக்கொண்டிருந்தது. வீக் செக்யூரிட்டி எச்சரிக்கை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். செட்டிங்கில் போய் அதை WPA2 AES என்று மாற்றி, அண்ணன் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் போன்கள் ஒரு கணம் வைஃபையை விட்டுவிட்டு, தானாகவே மறுபடியும் சேர்ந்துகொண்டன. ஒருவரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

திரும்பி வரும்போது சிக்னலில் நின்று சொன்னான். “போனுக்கு ரெண்டே விஷயம்தான் ஞாபகம் இருக்கும் தேவி. பேரு, பாஸ்வேர்டு. அந்த ரெண்டையும் அப்படியே வச்சிட்டா, ரவுட்டரையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வச்சாலும் நம்ம வீடுன்னு நெனைச்சு வந்துடும்.”

பாய் தாப்பாவ் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்த கோழிப் பொரியலை அன்று வீட்டுக்குக் கொண்டு போனோம். எனக்கு இரண்டு துண்டு, ஏணிக்கு ஒரு துண்டு என்று அண்ணன் பிரித்தான். ஏணியின் துண்டை அவனே சாப்பிட்டான்.

2. எங்கள் வீட்டு வைஃபை

ஊரில் எல்லோருக்கும் பூட்டு மாற்றுகிறவன், ஜெலுத்தோங் ஃபிளாட்டில் எங்கள் வீட்டுப் பூட்டை மாற்றவே இல்லை. யாரோ ஒரு கஸ்டமர் வேண்டாமென்று கொடுத்த பழைய ரவுட்டரைத்தான் கொண்டுவந்து டிவி பக்கத்து ஷெல்ஃபில் வைத்திருந்தான். அதற்கு அவன் வைத்த பெயர் இங்கிலீஷ் எழுத்தில் ‘வைஃபை இல்ல’.

பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா ஒருநாள் பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்காகக் கேட்க வந்தார்.

“தீபா, ஒங்க வைஃபை பேரு என்னா?”

“வைஃபை இல்ல, அக்கா.”

“இல்லியா? நேத்து தேவி யூடியூப் பாத்துக்கிட்டு இருந்துச்சே.”

“அதான் பேரே, அக்கா. வைஃபை இல்ல.”

“செருப்பு பிஞ்சிடும்” என்று திட்டிவிட்டு, பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டுதான் போனார். அப்படி எங்கள் மாடி முழுவதும் பாஸ்வேர்ட் போய்விட்டது. அம்மா கேட்டால், “லைன் சும்மாதானே கெடக்குது” என்பான்.

அவன் எங்களை விட்டுப் போன நாளில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு வேலை. காலையில் அவசரமாகக் கிளம்பியவன், ஷெல்ஃபில் சார்ஜில் போட்டிருந்த போனை மறந்துவிட்டான். மதியம் நல்ல மழை. ஒரு லாரி. கடைக்குத் தகவல் வந்ததும் எதுவும் புரியாமல் அவன் நம்பருக்கே அடித்தேன். வீட்டில் அம்மா எடுக்கப் பார்த்து, கைதவறி கட் செய்துவிட்டார்கள்.

அந்தப் போனுக்கு ஆறு எண் பின் நம்பர். அவன் பிறந்த நாள், என் பிறந்த நாள், மோட்டோ நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவைக்கும் போன் இன்னும் அதிக நேரம் காத்திருக்கச் சொன்னது. “விட்டுடு, எதாச்சும் அழிஞ்சிடப் போவுது” என்று அம்மா தடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அந்தப் போன் பூட்டியபடியே, சார்ஜிலேயே, ஷெல்ஃபிலேயே இருந்தது. சிம்மில் டேட்டா முடிந்த பிறகு அதற்கு இருந்தது வீட்டு வைஃபை மட்டும்தான். நான் ஷெல்ஃபைத் துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைப்பேன்.

3. ஒரு டிக்

சில மாதம் கழித்து எங்கள் லைனுக்கே எச்சரிக்கை வந்தது. முதலில் அம்மாவின் புதுப் போனில் வீக் செக்யூரிட்டி. பிறகு லைன் கம்பெனியிடமிருந்து மெசேஜ்: உங்கள் வைஃபையில் இருக்கும் ஏதோ ஒரு கருவியிலிருந்து வைரஸ் வெளியே போகிறது, சரிசெய்யாவிட்டால் லைனை நிறுத்திவிடுவோம் என்று.

எனக்கு ஆச்சரியம் இல்லை. மாடி முழுவதும் ஒரே வைஃபை, யார் வீட்டிலோ மலிவான டிவி பாக்ஸ். இப்படி வந்தால் AES மாற்றினால் மட்டும் போதாது. பாஸ்வேர்டையும் மாற்றி, எல்லோரையும் வெளியே அனுப்பி, தெரிந்தவர்களை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, முதல் வேலையாக ரவுட்டரை அணைத்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து போனோடு வந்தார்கள்.

“லைன் இல்லியா? ஒரு டிக்குதான் வருது.”

“யாருக்கும்மா அனுப்புற?”

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்கள். பிறகு, “தீபனுக்கு” என்றார்கள்.

பாயான் லெப்பாஸ் பேக்டரி கேன்டீனில் அம்மாவுக்கு வேலை. தினமும் பேக்டரி பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேன்டீனில் இன்று என்ன சமையல், மழை வரும்போல இருக்கிறது, தேவி சரியாகச் சாப்பிடுவதில்லை. சாயங்காலங்களில் அந்தப் போன் டிங் என்று அடிப்பதை நானும் கேட்டிருக்கிறேன். ஏதாவது குரூப் மெசேஜாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

“எனக்குத் தெரியும்டி. நான் கிறுக்கு இல்ல. அவன் கேக்க மாட்டான்னு தெரியும். ரெண்டு டிக்கு விழுதுல்ல. போய்ச் சேந்துடுச்சுன்னு இருக்கும். அது போதும் எனக்கு.”

நான் ரவுட்டரை மறுபடியும் போட்டேன். டிங் என்றது. அம்மா திரும்ப அடுப்படிக்குப் போனார்கள்.

புதிய பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற எல்லாப் போனிலும் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். பூட்டிய போனில் போட முடியாது. அது வெளியே போனால் போனதுதான். மாற்றாமல் விட்டால் லைனையே நிறுத்திவிடுவார்கள். எப்படிச் செய்தாலும் அம்மாவுக்கு ஒரு டிக்தான்.

நான் போன் செய்ததும் சேகர் அண்ணன் புது ரவுட்டரோடு வந்தார். “அஞ்சு நிமிஷ வேலை. இதுக்கா அழுவுற?” என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்ட் அடித்தார்.

“அண்ணே, அப்ளை அமுக்காதீங்க.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஷெல்ஃபையே பார்த்தார்.

“இப்போ என்ன செய்யலாம் தேவி?”

எனக்குப் பாய் கடை ஞாபகம் வந்தது. பேரு, பாஸ்வேர்டு. புது ரவுட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனியாக கெஸ்ட் வைஃபை ஒன்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் புதுப் பெயரும் புதுப் பாஸ்வேர்டும் வைத்துவிட்டு, அந்த கெஸ்ட் வைஃபைக்கு மட்டும் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் கொடுக்கலாம். மாடி முழுவதும் பாஸ்வேர்ட் தெரியுமே என்றால், எந்தக் கருவியை உள்ளே விடலாம் என்றும் அதில் குறித்து வைக்கலாம். ஒரே ஒரு போன். மற்றவர்கள் பாஸ்வேர்டைப் போட்டாலும் கதவு திறக்காது.

சேகர் அண்ணன் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“கெஸ்ட்டா? அவன் வீட்டுலயே அவனை கெஸ்ட்டாப் போடுறியா?”

“வேற எடம் இல்லண்ணே.”

அப்ளையை நான்தான் அமுக்கினேன். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஷெல்ஃப் பக்கத்திலேயே நின்றார்கள். ஏற்கெனவே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். ஒரு டிக். ரவுட்டரில் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலையாக நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. சேகர் அண்ணன் தேத்தண்ணிக் கப்பைத் தூக்கியவர் குடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

டிங்.

அம்மா உள்ளே போனார்கள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

மறுநாள் பரிமளம் அக்கா கதவைத் தட்டினார். “தேவி, ‘வைஃபை இல்ல’ போன்ல தெரியுது, ஆனா உள்ள விட மாட்டேங்குது.”

“அது இப்போ அண்ணனுக்கு மட்டும்தான் அக்கா.”

அக்கா என் தலையில் கை வைத்தார். பிறகு போய்விட்டார்.

4. பேட்டரி

எந்நேரமும் சார்ஜில் இருக்கும் போனில் பேட்டரி வீங்கும். எனக்கும் தெரியும். தைப்பூச விரத வாரத்தில் ஷெல்ஃபைத் துடைக்கும்போது பார்த்தேன், அண்ணன் போனின் முதுகு மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது. அப்படி வீங்கினால் தீப்பிடிக்கலாம். உடனே அணைக்க வேண்டும். ஆனால் அந்தப் போனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பின் நம்பர் கேட்கும். அதைப் போடாமல் வாட்ஸ்அப் எழுந்திருக்காது. பேட்டரி மாற்றுவதற்கும் அணைத்துத்தான் ஆக வேண்டும். இதற்கு ரவுட்டரில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டு முறை அம்மாவிடம் சொல்லப் போய்ச் சொல்லாமல் வந்தேன். கடைசியில் போனைக் கையில் கொடுத்துக் காட்டினேன். அம்மா தூக்கியிருந்த மூடியை விரலால் தடவிப் பார்த்தார்கள்.

“வீங்கிப் போச்சா?”

“ஆமாம்மா.”

“ஒனக்கு ஏதும் ஆயிடுமா இத வச்சிருந்தா?”

“வீடே பத்திக்கலாம்மா.”

அம்மா போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். “இரு. ஒன்னு அனுப்பிட்டு வர்றேன்.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை. என் கையிலேயே டிங் என்று அடித்தது. வெளியே வந்து இரண்டு டிக்கைக் காட்டினார்கள்.

“சேந்துடுச்சு. இப்போ நிறுத்து.”

நிறுத்தினேன். திரை கறுத்தது. அம்மா அங்கேயே நின்று போனை வாயருகே வைத்து, “தீபா” என்று மட்டும் சொல்லி இன்னொன்று அனுப்பினார்கள்.

“எதுக்கும்மா?”

“அணைஞ்சிடுச்சான்னு பாத்தேன்.”

ஒரு டிக்.

வீங்கிய பேட்டரியை நானே கழற்றி, கடையில் அதற்கென்று இருக்கும் மணல் வாளியில் போட்டேன். போன் கூடு அம்மாவிடம் இருக்கிறது. கெஸ்ட் வைஃபையை நான் எடுக்கவில்லை. எங்கள் மாடியில் யார் போனைத் திறந்தாலும் ‘வைஃபை இல்ல’ இன்னும் தெரியும்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு வீட்டில் பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்னால், இந்த வீட்டில் யாராலும் திறக்க முடியாத போன் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரிப்பார்கள். ஆயர் ஈத்தாமில் ஒரு அங்கிள் சிரிக்கவில்லை. என் கேள்வி காதில் விழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஒரு கெஸ்ட் போட்டுக் கொடுத்தேன். பேட்டரியைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தேன். அதையும் சொல்ல வேண்டும், கஷ்டமாக இருந்தாலும்.

தைப்பூசத்தன்று அம்மா தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தார்கள். நான் பக்கத்திலேயே படியேறினேன். மேலே போனதும் அம்மா என்ன வேண்டினார்கள் என்று கேட்கவில்லை. நான் வேண்டியது அந்தக் கடைசி மெசேஜுக்காக. அது இன்னும் ஒரு டிக்கில் நிற்கிறது. வைஃபை வேலையில் எனக்குத் தெரிந்த எதை வைத்தும் அதை அனுப்ப முடியாது. இதைப் படிக்கிற நீங்கள் கோயிலுக்குப் போனாலும், பள்ளிவாசலுக்குப் போனாலும், சர்ச்சுக்குப் போனாலும், வீட்டிலேயே கும்பிட்டாலும், தீபன் என்று ஒரு தடவை பேர் சொல்லி, அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவன் அம்மா கூப்பிட்டது அவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று.