சவரியம்மாளின் அறிமுகக் கையெழுத்து

சவரியம்மாள் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் கிளையின் பழைய காசாளர். அண்ணாமலை நகரில் என் வீட்டுத் தொலைபேசி காலையில் அடித்தால் பெரும்பாலும் இப்படிப்பட்ட செய்திதான். "நம்ம பேங்க் பெருக்குவாளே சவரி, போயிட்டா சார்" என்றார். கிளையில் எல்லோரும் அவரை ஒருமையில்தான் பேசினோம். நானும்தான். 'அவர்' என்று நான் எழுதுவது இதுவே முதல் தடவை. கடலூர் முதுநகர் கிளையில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் உறுத்தினால், எழுதும்போது எனக்கும் உறுத்தியது என்று சொல்லிக்கொள்கிறேன்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள காலனியைச் சேர்ந்தவர் அவர். எங்கள் கிளையில் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். நான் அங்கே துணை அதிகாரி. கிளையின் தளவாடப் பட்டியலை ஆண்டுதோறும் சரிபார்ப்பது என் பொறுப்பு. கண்ணாடி டம்ளர்கள் ஆறு என்று எழுதுவேன். மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னால் அவருக்கென்று இருந்த ஏழாவது டம்ளரை எழுதியதில்லை. அது யார் செய்த ஏற்பாடு என்று கேட்டதுமில்லை.

ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் காலனிப் பெண்களுக்கு, வீட்டைப் பழுதுபார்க்கக் காசோலை கொடுத்தது. கோடிட்ட காசோலை, வங்கிக் கணக்கில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் போடாவிட்டால் செல்லாது. கணக்குத் தொடங்குவதற்கோ, குறைந்தது ஆறு மாதமாகக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் படிவத்தில் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். காலனியில் யாருக்கும் கணக்கு இல்லை என்றே நினைத்திருந்தோம். ஊருக்குள் கணக்கு வைத்திருந்தவர்கள் போட மறுத்தார்கள். அந்தப் பெண்கள் நெடுநாளாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரர்கூட, அவர்களைத் தனக்கு 'அந்த அளவுக்கு'த் தெரியாது என்றார்.

சம்பளத்துக்காகச் சவரியம்மாளுக்கு எங்கள் கிளையிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. ஒரு நாள் வேலை முடிந்து, துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு, ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். படிவத்தில் 'இவரை எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியும்' என்று ஒரு வரி உண்டு. எத்தனை ஆண்டுகள் என்று கேட்டேன்.

"பொறந்ததுலேருந்துன்னு எழுதுங்க சார். என்ன இடுப்புல தூக்கினு திரிஞ்சவ இவ."

அதன்பின் தினமும் இரண்டு பேர், மூன்று பேர். ஒவ்வொரு படிவத்திலும் எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போடுவார். இத்தனை பேருக்குப் போடுகிறாயே, நாளைக்கு எவளாவது ஏமாற்றினால் உன்னைத்தானே கேட்பார்கள் என்று நான் எச்சரித்தேன். "தெரிஞ்சவங்களத் தெரியும்னு சொல்றதுக்கு இன்னா சார் பயம்?" என்றார்.

மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. கூடத்தில் காலனிப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பற்றி வாடிக்கையாளர் சிலர் அவரிடம் முணுமுணுத்திருந்தார்கள். வங்கி ஊழியர்கள் அறிமுகக் கையெழுத்துப் போடுவதைத் தவிர்க்க வேண்டும் என்றொரு சுற்றறிக்கை இருந்தது. பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர் ஊழியரா என்று ஆராய்ந்து குறிப்பு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் கோப்புகளைப் புரட்டினேன். 'கிளையிலிருந்து ஊதியம் பெறுவதால் சவரியம்மாள் வங்கி ஊழியரே' என்று எழுதிக் கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கார்பன் வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே மிச்சமிருந்த படிவங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சவரியம்மாள் நேராக என்னிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்னய ஸ்டாஃப்புன்னு எழுதிட்டீங்களாமே சார்? பி.எஃப். கேட்டேன், நீ ஸ்டாஃப் இல்லன்னாங்க. லீவு கேட்டேன், ஸ்டாஃப் இல்லன்னாங்க. இப்பதான் ஸ்டாஃப் ஆயிருக்கேன். அந்தக் காயிதத்துல ஒண்ணு குடுங்க, பர்மனன்ட் பண்ணச் சொல்லிக் கேக்கறேன்."

அவர் கேட்டது நியாயம். பிரதி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அலுவலகக் குறிப்பு வெளியே போகக்கூடாது, என்னிடம் பிரதியும் இல்லை என்றேன். அவர் இழுப்பறையைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

சில வாரங்கள் கழித்து, தன் மகள் கையால் எழுதிய ஒரு தாளை மேலாளர் மேசையில் வைத்தார். வேலையை விட்டுவிடுவதாக இரண்டே வரி. அடுத்த நாள் பத்து மணிக்கு மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்று, திரும்பி வந்த படிவங்களை என்னிடம் நீட்டினார். "இப்ப ஸ்டாஃப் இல்ல சார். கணக்கு மட்டுந்தான் இருக்கு." மேலாளர் என்னைப் பார்த்தார். "விதிப்படி தடையில்லை சார்" என்றேன். அந்த விஷயத்தில் நான் பேசிய ஒரே நல்ல வாக்கியம் அது. அதற்குள் இரண்டு பெண்களின் காசோலைகள் காலாவதியாகியிருந்தன. மாற்றுக் காசோலை வரவே இல்லை.

பின்னர் அவர் துறைமுகத்தில் இறால் உரிக்கப் போனார். ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு தடவை அங்கே பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் விரல்கள் வெளுத்து வெடித்திருந்தன. சில ஆண்டுகளில் வங்கி பகுதிநேரப் பணியாளர் பலரை நிரந்தரமாக்கியது. அவர் இடத்துக்கு வந்தவரும் நிரந்தரமானார். அந்தச் செய்தியை நான் அவரிடம் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லியிருப்பார்கள்.

நான் கடலூர் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் தள்ளி முடித்திருந்தார்கள். அவர் மகள் ஸ்டெல்லா ஆசிரியர் பயிற்சி முடித்து ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குச் சேர வேண்டிய பி.எஃப். கேட்டு வங்கிக்கு எழுதினாளாம். அப்படி ஒருவர் ஊழியராக இருந்ததற்கு ஆவணம் இல்லை என்று பதில் வந்ததாம். "படுத்துனு இருக்கும்போதும் அதத்தான் சார் கேட்டுனு இருந்தாங்க. உங்களுக்கு எதுனா தெரியுமா?" என்றாள். பார்க்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன். பிரதி என் பீரோவில், 'இதர' என்று எழுதிய உறையில் இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அலுவலகக் காகிதத்தை வீட்டில் வைத்திருந்த குற்றத்துக்கு ஓய்வூதியத்தில் கை வைப்பார்களோ என்றுகூட யோசித்தேன். எழுபது வயதில் இப்படி யோசிக்கிறவனைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரிதான்.

நேற்று காலனிக்குப் போய் ஸ்டெல்லாவிடம் அதைக் கொடுத்தேன். தாமதமாகிவிட்ட காகிதம் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. அடியில் இருந்த வெற்றிடத்தில், அவள் எதிரிலேயே, பழைய படிவத்தின் வரியை எழுதினேன்: 'இவரை எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும்.' கீழே போட்ட கையெழுத்துக் கோணிவிட்டது. கிளையில் இருந்திருந்தால், மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இப்போது என்னிடம் அந்த உறை மட்டும் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. அதில் 'இதர' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'சவரியம்மாள்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.